பஃபர் எடை: உங்கள் ரைஃபிளுக்கு எது போதும்?

ஏ.ஆர். 15 வகை அரைத்தானியங்கி ரைஃபிளை வைத்திருப்பவர்கள் முதலில் மாற்ற ஆசைப்படும் உதிரிபாகங்களில் ஒன்று பஃபர். விலை அதிகமில்லை, மாற்றச் சில நிமிடங்கள் போதும், ‘கனமானதைப் போட்டால் உதை குறையும்’ என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். அந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பிக் கடையில் இருப்பதிலேயே கனமானதை வாங்கிப் போடுபவரின் ரைஃபிள், அடுத்த முறை சுடும்போது பாதி வழியில் சிக்கிக்கொண்டு நிற்கக்கூடும். பஃபரின் வேலை என்ன என்பது புரிந்துவிட்டால், எந்த எடை வேண்டும் என்ற கேள்விக்கு ரைஃபிளே பதில் சொல்லும். அந்தப் பதிலைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் அது எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ரைஃபிளின் தோள்கட்டைக்குள் ஓர் அலுமினியக் குழாய் செல்கிறது. அதற்குள் நீளமான ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்குள் செருகியபடி, முன்பக்கம் தட்டையான தலையோடு இருக்கும் உருளைதான் பஃபர். அந்தத் தலையின் மேல் போல்ட் கேரியரின் (அறையைப் பூட்டும் போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் பாகம்) பின்முனை சாய்ந்து நிற்கும். சுட்டவுடன் கேரியர் பின்னால் பாயும்போது பஃபரையும் தள்ளிக்கொண்டு போகிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது, குழாயின் அடியில் பஃபர் முட்டுகிறது, பிறகு ஸ்பிரிங் விரிந்து இரண்டையும் முன்னால் தள்ளுகிறது. போகும் வழியில் கேரியர் அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து எடுத்து, குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் செருகிப் பூட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் இந்த முழுச் சுற்றும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

கேரியரைப் பின்னால் தள்ளுவது எது? குண்டு குழலுக்குள் ஓடும்போது, குழலின் மேல்புறத்தில் உள்ள ஒரு சிறு துளையைக் கடக்கிறது. அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் வாயு ஒரு மெல்லிய குழாயில் ஏறி, கேரியருக்குள் வந்து, அதைப் பின்னால் தள்ளுகிறது. கேரியர் சற்று நகர்ந்த பிறகுதான் போல்ட் சுழன்று பூட்டுத் திறக்கும். இந்த ‘சற்று நகர்ந்த பிறகு’ என்பது மிக முக்கியம். அந்தச் சிறு தாமதத்துக்குள் குண்டு குழலை விட்டு வெளியேறிவிட வேண்டும், அறைக்குள் அழுத்தமும் தணிந்திருக்க வேண்டும். பூட்டு சீக்கிரம் திறந்தால், அழுத்தத்தால் உப்பி அறைச்சுவரோடு ஒட்டியிருக்கும் தோட்டாக்கூட்டை போல்ட்டிலுள்ள கொக்கி வலுக்கட்டாயமாகப் பிடித்து இழுக்க நேரிடும். கூட்டின் விளிம்பு வளையும், சில சமயம் பிய்ந்தே போகும்.

பஃபர் வருவது இந்த இடத்தில்தான். அதே தள்ளுக்குக் காலி வண்டி வேகமாக ஓடும், சரக்கேற்றிய வண்டி மெதுவாக நகரும். கேரியரின் பின்னால் கூடுதல் எடையை வைத்தால், வாயு கொடுக்கும் அதே தள்ளில் அது மெதுவாகக் கிளம்பும். பூட்டு கொஞ்சம் தாமதமாகத் திறக்கும். பின்னால் மோதும் வேகமும் குறையும். ஆக, பஃபர் எடை என்பது அடிப்படையில் நேரத்தைச் சரிசெய்யும் கருவி.

எவ்வளவு மாறுகிறது?

எண்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இதில்தான் பலரின் எதிர்பார்ப்பும் நிஜமும் பிரிகின்றன.

கார்பைன் (குட்டையான ரைஃபிள்) அளவுக் குழாய்க்கான பஃபர்கள் பொதுவாக நான்கு எடைகளில் கிடைக்கின்றன. சாதாரண கார்பைன் பஃபர் ஏறத்தாழ 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். ‘எச்’ என்று குறிக்கப்படுவது 3.8 அவுன்ஸ், 108 கிராம் அளவில். ‘எச்2’ ஏறத்தாழ 4.6 அவுன்ஸ், 130 கிராம். ‘எச்3’ ஏறத்தாழ 5.5 அவுன்ஸ், 155 கிராம் அளவில். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சில கிராம் கூடும், குறையும்.

கார்பைன் பஃபரிலிருந்து எச்2-க்குப் போனால் பஃபரின் எடை பாதிக்கும் மேல் கூடுகிறது. கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் வாயு தள்ளுவது பஃபரை மட்டும் அல்லவே. போல்ட்டும் கேரியரும் சேர்ந்து ஏறத்தாழ 330 கிராம் இருக்கும். சாதாரண பஃபரோடு மொத்தம் 415 கிராம். எச்2 போட்டால் 460 கிராம். உண்மையான உயர்வு பதினொரு சதவீதம்தான். அதே தள்ளு கிடைத்தால் வேகம் சுமார் பத்து சதவீதம் குறையும். எச்3 வரை போனாலும் குறைவு பதினைந்து சதவீதத்தை ஒட்டியே நிற்கும்.

‘பத்து சதவீதமா, இதற்கா இவ்வளவு பேச்சு?’ என்று தோன்றலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேரியர் பின்னால் போகும்போது அதன் ஆற்றலில் ஒரு பகுதியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. ஸ்பிரிங்கை முழுமையாக அமுக்கத் தேவையான ஆற்றல் எப்போதும் ஒரே அளவு. பஃபர் கனமா இலேசா என்று அது பார்ப்பதில்லை. மிச்சம் இருக்கும் ஆற்றல்தான் குழாயின் அடியில் மோதலாக முடிகிறது. மொத்தத்தில் பத்து சதவீதம் குறைந்தால், மாறாத பங்கை ஸ்பிரிங் எடுத்த பிறகு எஞ்சும் மோதல் அதைவிடப் பெரிய விகிதத்தில் குறையும். தோளில் வித்தியாசம் உணரப்படுவது இதனால்தான். இதே கணக்கின் மறுபக்கம்: ஏற்கெனவே மிச்சம் கொஞ்சமே இருக்கும் ரைஃபிளில் பத்து சதவீதத்தைக் குறைத்தால், ஸ்பிரிங்கின் பங்குக்கே ஆற்றல் போதாமல் போகும். கேரியர் கடைசி வரை போகாமல் பாதியில் திரும்பிவிடும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய ரைஃபிள், ஒரே ஒரு படி எடை கூட்டியதும் திடீரென்று தடுமாறுவதன் காரணம் இதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கனமான பஃபர் மொத்தப் பின்னுதைப்பைக் குறைக்காது. குண்டும் வாயுவும் எந்த உந்தத்தோடு முன்னால் போயினவோ, அதே உந்தம் ரைஃபிளுக்குப் பின்னால் கிடைத்தே தீரும். பஃபரால் செய்யக்கூடியது அதை நேரத்தில் பரப்புவது. கூர்மையான ஒரு குத்து, நீண்ட ஒரு தள்ளாக மாறுகிறது. பலருக்கு அதுதான் இதமாக இருக்கிறது. ஆனால் கனமான பஃபரும் கேரியரும் திரும்பி முன்னால் வந்து மோதும்போது குழல்வாய் கீழே குனிவது சற்று அதிகமாகத் தெரியும். அடுத்தடுத்து வேகமாகச் சுடும் போட்டியாளர்களில் பலர் இதற்காகவே நேர் எதிர்த் திசையில் போகிறார்கள்: இலேசான கேரியர், இலேசான பஃபர், வாயுவைத் திருகி அளவாகக் குறைக்கும் ஏற்பாடு. கனம்தான் நல்லது என்று பொதுவிதி போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

உள்ளே என்ன இருக்கிறது

ஒரு பஃபரைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று உள்ளே ஏதோ நகரும் ஒலி கேட்கும். பழுதாகிவிட்டதோ என்று புதியவர்கள் பதறுவதுண்டு. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

பின்முனையில் ஒரு பிளாஸ்டிக் முட்டு இருக்கும். அதைக் குறுக்கே பிடித்திருக்கும் ஊசியைத் தட்டி எடுத்தால், அலுமினிய உடலுக்குள்ளிருந்து மூன்று சிறு உலோக உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி வெளியே வரும். இடையிடையே மெல்லிய ரப்பர் வில்லைகள். சாதாரண கார்பைன் பஃபரில் மூன்றும் எஃகு. எச் வகையில் ஒன்று டங்ஸ்டன், இரண்டு எஃகு. எச்2-இல் இரண்டு டங்ஸ்டன், ஒன்று எஃகு. எச்3-இல் மூன்றுமே டங்ஸ்டன். அளவில் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் டங்ஸ்டன் எஃகைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தி கொண்டது என்பதால், ஓர் உருளையை மாற்றினாலே பஃபரின் எடையில் இருபத்து மூன்று கிராம் அளவுக்குக் கூடுகிறது. மேலே சொன்ன எடைப் படிகள் இப்படித்தான் பிறக்கின்றன. உருளைகளைத் தனியாக வாங்கி மாற்றிப் போட்டே ஒரு பஃபரை இன்னொன்றாக ஆக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

உருளைகள் ஏன் இறுக்கமாக இல்லாமல் நகர்கின்றன? கேரியர் முன்னால் வந்து மோதி நிற்கும் கணத்தில், அது எதிரடித்துச் சற்றே பின்னால் துள்ளப் பார்க்கும். அதே நேரத்தில், கொஞ்சம் பிந்தி வரும் உருளைகள் வரிசையாக முன்னால் மோதி அந்தத் துள்ளலை அடக்கிவிடுகின்றன. தொடர்ச்சியாகச் சுடும் ராணுவ ஆயுதத்தில் இது உயிர்நாடியான விஷயம். கேரியர் துள்ளிய நிலையில் சுத்தி விழுந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம். ஒவ்வொரு குண்டுக்கும் தனியாக விசை அழுத்தும் அரைத்தானியங்கியில் இந்தப் பிரச்சினை அந்த அளவுக்குத் தலைதூக்குவதில்லை.

இந்த அமைப்பு முதல் நாளிலிருந்தே இருந்ததல்ல. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ரைஃபிளை அமெரிக்க ராணுவம் 1960களின் முதல் பாதியில் எம்.16 ஆக ஏற்றபோது, அதன் பஃபர் இலேசானது. உள்ளே நகரும் எடைகள் கிடையா. பிறகு தோட்டாக்களின் வெடிமருந்து வகை மாற்றப்பட்டது. குச்சி வடிவ மருந்துக்குப் பதில் உருண்டை வடிவ மருந்து வந்தது. துளையை எட்டும்போது வாயுவின் அழுத்தம் கூடியது, கேரியர் வேகமெடுத்தது, சுடும் வீதம் நிமிடத்துக்கு 850 என்ற மேல்வரம்பைத் தாண்டியது, கோளாறுகள் பெருகின. அப்போது கோல்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஃபாஸ்டர் ஸ்டர்ட்டிவன்ட் வடிவமைத்ததுதான் நகரும் எடைகள் கொண்ட கனமான பஃபர். வீதமும் இறங்கியது, துள்ளலும் அடங்கியது. மருந்தை மாற்றினால் பஃபரையும் மாற்ற வேண்டியிருந்தது என்ற இந்த வரலாறு, இன்று தோட்டாவை மாற்றும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும்.

வாயுதான் முதலாளி

எந்த எடை வேண்டும் என்பதை முதலில் தீர்மானிப்பது குழலின் நீளமும், அதில் வாயுத்துளை இருக்கும் இடமும். துளை அறைக்கு அருகில் இருந்தால், அங்கே வாயு இன்னும் கடும் அழுத்தத்தில் இருக்கும். தள்ளு சீக்கிரமாகவும் முரட்டுத்தனமாகவும் வரும். தள்ளிப் போகப்போக அழுத்தம் தணியும். கார்பைன் நீள அமைப்பில் வாயுக்குழாய் எட்டும் தூரம் சுமார் 7 அங்குலம், நடுநீள அமைப்பில் 9 அங்குலம், ரைஃபிள் நீள அமைப்பில் 12 அங்குலத்துக்கு மேல்.

இன்னொரு கணக்கும் உண்டு. துளையைக் கடந்த குண்டு குழல்வாயை அடையும்வரை வாயு கேரியரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். 16 அங்குலக் குழலில் கார்பைன் நீள அமைப்பை வைத்தால், துளைக்குப் பிறகு எட்டு அங்குலத்துக்கும் மேல் மிச்சம் இருக்கிறது. அழுத்தமும் அதிகம், நேரமும் அதிகம். சந்தையில் மிகப் பரவலாக இருப்பது இந்தச் சேர்க்கைதான். தேவைக்கு மேல் வாயு வாங்குவதற்குப் பெயர் போனதும் இதுதான். போதாக்குறைக்கு, பல தயாரிப்பாளர்கள் துளையைக் கொஞ்சம் பெரிதாகவே போடுகிறார்கள். மலிவான, வலுக்குறைந்த தோட்டாவிலும் ரைஃபிள் ஓட வேண்டும், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்பது அவர்களின் கவலை. நியாயமான கவலைதான், ஆனால் அதன் விலையைத் தோளும் உதிரிபாகங்களும் கொடுக்கின்றன.

இந்த அடிப்படையில் எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன். 16 அங்குலக் குழல், கார்பைன் நீள வாயு என்றால் எச். அது போதாவிட்டால் எச்2. 16 அங்குலம், நடுநீள வாயு என்றால் சாதாரண கார்பைன் பஃபரோ எச்-ஓ போதும். இந்தச் சேர்க்கை இயல்பிலேயே சாந்தமானது. 14.5 அங்குலக் குழலும் கார்பைன் நீள வாயுவும் கொண்ட ராணுவ எம்.4, எச் பஃபரோடு வந்தது, எம்.4ஏ1-க்கு எச்2. 20 அங்குலக் குழல், ரைஃபிள் நீள வாயு, நீண்ட ரைஃபிள் பஃபர் கொண்ட பழைய அமைப்பு உங்களிடம் இருந்தால், கைவைக்காதீர்கள். ஏறத்தாழ 5 அவுன்ஸ் எடையுள்ள அந்த பஃபரும் அதன் நீண்ட ஸ்பிரிங்கும் இந்த ரைஃபிள் குடும்பத்திலேயே மிகச் சீராக ஓடும் சேர்க்கை.

குழல்வாயில் சைலன்சர் பொருத்தினால் கணக்கு மாறும். வெளியேற வேண்டிய வாயு சற்று நேரம் தங்கி, கேரியரை இன்னும் தள்ளும். அது இல்லாமல் சாதாரண பஃபரில் நன்றாக ஓடிய ரைஃபிள், அதோடு எச்2 கேட்பது சகஜம். சைலன்சரை வைத்திருக்க எல்லா நாடுகளின் சட்டமும் அனுமதிப்பதில்லை என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும்.

வாயு மிக அதிகமாக இருந்தால் பஃபரால் அதை முழுமையாகச் சமாளிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. துளை அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும் ரைஃபிளில் எச்3 போட்டு அடக்கப் பார்ப்பது, நோயை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மருந்து போடுவது. அங்கே வாயுவின் அளவைக் குறைக்கும் ஏற்பாடுதான் சரியான தீர்வு. பஃபர் கடைசியாகச் செய்யும் சிறு திருத்தம்.

ரைஃபிள் சொல்வதைக் கேட்பது

சுட்ட பிறகு காலிக் கூடுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். ரைஃபிளை மேலிருந்து பார்ப்பதாகவும், குழல்வாய் கடிகாரத்தின் 12-ஐக் காட்டுவதாகவும் வைத்துக்கொண்டால், கூடுகள் 3 மணிக்கும் 4.30 மணிக்கும் இடைப்பட்ட திசையில் ஒரே குவியலாக விழுவது ஆரோக்கியமான அறிகுறி. 1 மணி, 2 மணித் திசையில் முன்னோக்கித் தெறித்துப் பறந்தால் கேரியர் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். 5 மணித் திசையில், சுடுபவரின் காலடியில் சோர்ந்து விழுந்தால் தள்ளு போதவில்லை.

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூட்டை வெளியே தட்டும் சிறு ஸ்பிரிங்கின் வலு, கொக்கியின் பிடி, ரிசீவர் என்ற உடற்பகுதியில் கூடு மோதித் திரும்பும் மேட்டின் வடிவம், தோட்டாவின் வகை எல்லாமே திசையை மாற்றும். அதனால் கூடுகள் விழும் திசையோடு நிறுத்தாமல், கூடுகளையே எடுத்துப் பாருங்கள். அடிப்பகுதி விளிம்பில் கொக்கி பிடித்த இடம் வளைந்திருக்கிறதா? பித்தளை சுரண்டப்பட்டிருக்கிறதா? இருந்தால் பூட்டு சீக்கிரம் திறக்கிறது. எடை கூட்டிப் பார்க்கலாம்.

தள்ளு குறைவதன் அறிகுறிகள் ஒரு வரிசையில் வரும். முதலில், மேகசின் தீர்ந்ததும் பின்னால் நிற்க வேண்டிய போல்ட் நிற்காமல் மூடிக்கொள்ளும். இன்னும் குறைந்தால், கூடு வெளியேறும், ஆனால் அடுத்த தோட்டாவை எட்டும் அளவுக்குக் கேரியர் பின்னால் போயிருக்காது. காலி அறையின் மேல் மூடிக்கொள்ளும் அல்லது தோட்டாவின் நடுவில் இடித்து நிற்கும். காலி அறையின் மேல் மூடிக்கொள்ளும் அல்லது தோட்டாவின் நடுவில் இடித்து நிற்கும்.

ஒரு பொறி இருக்கிறது, இதில் அனுபவசாலிகளும் ஏமாறுவார்கள். மேகசின் தீர்ந்தும் போல்ட் பின்னால் நிற்காதது வேகக் குறைவால் மட்டும் வருவதல்ல. வேகம் அளவுக்கு மீறினாலும் வரும். காலி மேகசினின் தட்டு மேலெழுந்து தடுப்பைத் தூக்குவதற்குள் போல்ட் போய்த் திரும்பிவிடும். அதேபோல, அடுத்த தோட்டாவை மேகசின் மேலே தள்ளுவதற்குள் போல்ட் பாய்ந்து, தோட்டாவின் அடியைப் பிடிக்காமல் அதன் மேலேறிச் சிக்குவதும் உண்டு. இந்தக் கோளாறை மட்டும் பார்த்து எடையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கூடுகள் எந்தத் திசையில் விழுகின்றன என்பதோடு சேர்த்துப் படித்தால்தான் காரணம் எந்தப் பக்கம் என்று விளங்கும்.

பஃபரைக் குற்றம் சொல்வதற்கு முன் மற்றவற்றைப் பாருங்கள். மேகசினை மாற்றிப் பாருங்கள். சிக்கல்களில் கணிசமான பங்கு அங்கேதான். கேரியரின் மேலுள்ள வாயு ஏற்பியின் திருகுகள் தளர்ந்திருந்தால் வாயு கசியும். எண்ணெய் வறண்டிருந்தால் உராய்வு தின்றுவிடும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து அளந்து பாருங்கள். கார்பைன் ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் சுமார் 25.5 செ.மீ.க்குக் குறைந்திருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். ரைஃபிள் ஸ்பிரிங்குக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 30 செ.மீ. களைத்துப்போன ஸ்பிரிங்கோடு பஃபர் எடையைத் தேடுவது வீண்வேலை.

சோதிக்கும் முறை

சட்டப்படி உங்களுடைய ரைஃபிள், அனுமதி பெற்ற சுடுதளம், கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு: இவை இருந்தால் மட்டும் தொடருங்கள். திறப்பதற்கு முன் மேகசினை எடுத்துவிட்டு, அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். இரண்டு ரிசீவர்களையும் பிரித்துக் கேரியரை வெளியே எடுத்த பின், பஃபரைப் பிடித்திருக்கும் சிறு ஊசியை அழுத்தினால் பஃபர் வெளியே வரும். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பதால் கையால் தடுத்துக்கொண்டு மெதுவாக விடுங்கள்; சட்டென்று விட்டால் முகத்தை நோக்கிப் பாயும்.

எடுத்த பஃபரை ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் வையுங்கள். மேலே பொறித்திருக்கும் எழுத்தை நம்பாதீர்கள் என்றுகூடச் சொல்லுவேன். ஒரே குறியோடு வெவ்வேறு எடைகளில் வருபவை உண்டு. எந்தக் குறியும் இல்லாமல் வருபவையும் உண்டு.

சோதனைக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மேகசினில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் நின்றதா என்று பாருங்கள். இதைப் பலமுறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நின்றால், கேரியருக்குக் கடைசி வரை போக ஆற்றல் இருக்கிறது என்று பொருள். இதை நீங்கள் பயன்படுத்தும் தோட்டாக்களிலேயே வலுக்குறைந்ததை வைத்துச் செய்ய வேண்டும். வலுவான தோட்டாவில் தேறி, வலுக்குறைந்ததில் தவறும் எடை பயன்படாது. நின்றால் ஒரு படி எடையைக் கூட்டி மறுபடியும் பாருங்கள். எந்தப் படியில் தடுமாற்றம் தொடங்குகிறதோ, அதற்கு ஒரு படி கீழே இறங்குங்கள். அந்தப் படியில் முழு மேகசின்களைப் போட்டு, ரைஃபிளை இறுக்கியும் தளர்த்தியும் பிடித்து, சுத்தம் செய்யாத நிலையிலும் ஓடவிட்டுப் பாருங்கள். குளிர்ந்த வானிலையில் எண்ணெய் கெட்டிப்படும், மருந்தின் அழுத்தமும் குறையும்; வெயிலில் தேறியது குளிரில் தேறாமல் போகலாம். எல்லைக்கோட்டில் நிற்பதைவிட ஒரு படி இலேசாக இருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தோளுக்குக் கொஞ்சம் இதம் குறைந்தால் பரவாயில்லை, ரைஃபிள் ஒவ்வொரு முறையும் ஓட வேண்டும்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பஃபரையும் ஸ்பிரிங்கையும் தோட்டாவையும் ஒரே நாளில் மாற்றினால், எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கலக்கக் கூடாதவை

பஃபர்கள் எடையில் மட்டுமல்ல, நீளத்திலும் வேறுபடுகின்றன. கார்பைன் பஃபர் சுமார் 8.3 செ.மீ. நீளம், ரைஃபிள் பஃபர் ஏறத்தாழ 15 செ.மீ. ஒவ்வொன்றும் அதனதன் குழாய்க்கே உரியது. நீண்ட ரைஃபிள் குழாயில் குட்டையான கார்பைன் பஃபரைப் போட்டால், பஃபர் முட்டுவதற்கு முன்பே கேரியர் வரம்பைத் தாண்டிப் போய், அதன் மேலுள்ள வாயு ஏற்பி ரிசீவரின் பின்பகுதியில் மோதி உடைக்கும். ஸ்பிரிங்குகளையும் அப்படியே மாற்றிப் போடக் கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட நீளத்தில், ரைஃபிள் ஸ்பிரிங்கோடு வேலை செய்யும் ஏ5 என்ற அமைப்பும் இருக்கிறது. அதற்கென்று தனிக் குழாய், தனி பஃபர். 7.62 மி.மீ. போன்ற பெரிய தோட்டாக்களுக்கான ஏ.ஆர். 10 வகையில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் நீளம் மாறும். அங்கே ரைஃபிளைச் செய்தவர் சொன்ன பஃபரைத் தவிர வேறெதையும் போடாதீர்கள்.

கடைசியாக, 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் ஏ.ஆர். வகைகள். இவற்றில் பெரும்பாலானவற்றில் போல்ட் பூட்டிக்கொள்வதே இல்லை. வாயுக்குழாயும் கிடையாது. தோட்டாக்கூடே போல்ட்டை நேராகப் பின்னால் தள்ளுகிறது; குண்டு வெளியேறும்வரை அறையை மூடி வைத்திருப்பது போல்ட், பஃபர் இவற்றின் கனம் மட்டுமே. மேலே சொன்ன ரைஃபிள்களில் எடை போதாவிட்டால் விளிம்பு வளையும், தோள் வலிக்கும். இவற்றில் எடை போதாவிட்டால் கூடு அழுத்தத்தோடு அறையை விட்டு வெளியே வந்து, சுவர் தாங்காமல் வெடிக்கலாம். அதனால் இவற்றுக்கு 5.5 அவுன்ஸும் அதற்கு மேலும் எடையுள்ள தனி பஃபர்கள் செய்கிறார்கள். இங்கே தயாரிப்பாளர் குறித்த எடையிலிருந்து ஒரு கிராம்கூடக் கீழே இறங்காதீர்கள். சாதாரண கார்பைன் பஃபரை இதில் போடவே கூடாது.